மேய்ச்சல் என்னும் குற்றம்: கிடைமாடும் காடும் பற்றிச் சில குறிப்புகள்

1

ஏரல் வட்டாரத்தில் பிசான நெல் அறுப்பு முடிந்து, வைக்கோல் படப்பில் ஏறி, வயலில் தாள் மட்டும் நிற்கிற பங்குனி மாதத்தில் கிடை வந்து இறங்கும். முன்னூறு, நானூறு மாடுகள். பெரும்பாலும் வெள்ளையும் சாம்பலும், ஒன்றிரண்டு செவலை. பகலில் தாள் மேய்ந்து, ஆற்றில் தண்ணீர் குடித்து, இரவில் பேசி வைத்த வயலில் வந்து படுக்கும். மறுநாள் அடுத்த துண்டு வயல். மாடு படுத்து எழுந்த இடத்தில் சாணியும் கோமியமும் நிலத்தில் ஊறிக் கிடக்கும். அதுதான் அடுத்த கார் பருவத்திற்கான உரம். ஓர் இரவுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு ரூபாய், கிடைக்காரர்களுக்கு ராச்சோறு என்று பேச்சு. என் தாத்தா இந்தப் பேரத்தைக் களத்துமேட்டில் நின்று நடத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூலியைக் குறைக்க அவர் எவ்வளவோ பார்ப்பார். கிடைக்காரப் பெரியவர் அசையமாட்டார். ஒரு வருடம் அவர் சொன்ன பதில் இது:

"அண்ணாச்சி, நீங்க சாணிக்கு மட்டும் வெல பேசுதிய. மாடு ஆறு மாசம் மேக்காட்டுல என்னத்தத் தின்னுச்சின்னு யாரு கேக்கிய? அங்க வயிறு நெறஞ்சாத்தான் இங்க வயலு நெறையும்."

இந்தக் கட்டுரையில் நான் விளக்க முயல்வது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். ஐப்பசியில் மழை பிடித்து, தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் நட்டாகிவிட்டால் கீழ்நிலத்தில் மாட்டுக்குக் கால் வைக்க இடமில்லை. அப்போது கிடை மேட்டுக்கு ஏறும். கரிசல் தரிசு, தேரிக்காடு, பொத்தைச் சரிவு, இன்னும் மேற்கே போனால் மலையடிவாரம். மேட்டின் புல் வயிற்றுவழியே பள்ளத்தின் நெல்லாக மாறுகிறது. கிடைக்காரருக்கு நிலமில்லை, கொட்டகை இல்லை, தீவனச் செலவு இல்லை. காளைக்கன்று விற்ற காசும் கிடைக்கூலியும் அவர் வரவு. நோய், திருட்டு, அபராதம் ஆகியவை செலவு. எளிய கணக்கு. ஆனால் மேடும் பள்ளமும் இரண்டும் திறந்திருந்தால் மட்டுமே நிற்கக்கூடிய கணக்கு.

கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைப் படித்த நம் வாசகர்களுக்கு ஆட்டுக்கிடையின் உள்ளமைப்பு புதிதல்ல. அந்த உலகத்தைச் சாதிய உறவுகளின் களமாக நாம் வாசித்திருக்கிறோம். அது சரியான வாசிப்புத்தான். அதே உலகத்தைச் சூழலியல் அமைப்பாகவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இன்று 'சூழல்' என்ற பெயரால்தான் அதன் மேல்பாதை அடைக்கப்படுகிறது.

2

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்தபின், அதே மாதத்திலேயே அந்த ஆணை திருத்தப்பட்டது. தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்தப்பட்டது. திருத்தம் ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் சரணாலயங்களின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. மலைமாடுகளும் கிடைமாடுகளும் காலங்காலமாக ஏறிய சரிவுகள் அவை. 2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. செவலையில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடு என்ற தனி இனமே காட்டுப்பட்டிகளில் வளர்ந்த பகுதி அது.

இங்கே சட்டத்தின் வாசகத்தைக் கவனிப்பது அவசியம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் கூடாது என்கிறது 35ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு. சரணாலயத்தைப் பொறுத்தவரை 33ஆம் பிரிவு வேறு மொழி பேசுகிறது. வனவிலங்குகளின் நலனுக்கு ஏற்ப மேய்ச்சலை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம் என்று மூன்று சொற்களைத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் கையில் கொடுக்கிறது. அதாவது மேய்ச்சல் வனவிலங்கின் நலனுக்கு உகந்ததாகவும் இருக்கக்கூடும் என்ற சாத்தியத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நடைமுறையிலோ முதலிரண்டு சொற்களும் உதிர்ந்து மூன்றாவது மட்டும் மிஞ்சுகிறது.

ஏன்? ஒழுங்குபடுத்த வேண்டுமானால் எந்தப் புல், எந்த மாதம், எத்தனை மாடு என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் கிடைக்காரர். அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிவரும். தடுப்பதற்கு அறிவு தேவையில்லை, அதிகாரம் போதும்.

இந்த மனோபாவம் புதியதும் அல்ல. 1882இன் சென்னை வனச்சட்டம் காடுகளைக் 'காப்புக்காடு' என்று வளைத்தபோது மேய்ச்சல் உரிமை சலுகையாகவும், சலுகை வரியாகவும் மாறியது. புல்லுக்கு வரி, 'புல்லரி.' அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் பலநாட்டு மக்கள் 1921இல் இந்த வரியைக் கட்ட மறுத்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய கன்னேகண்டி ஹனுமந்து 1922இல் சுட்டுக்கொல்லப்பட்டார். காலனிய அரசுக்கு மாடு, மரக்கன்றைத் தின்னும் திருடன். காடு, மரம் விளையும் கிடங்கு. பிறகு 'மரம்' என்ற இடத்தில் 'புலி' என்று எழுதப்பட்டது. திருடன் மாறவில்லை.

3

மாட்டை வெளியேற்றினால் இயற்கை தானே மீளும் என்ற நம்பிக்கை ஓரிடத்தில் பரிசோதிக்கப்பட்டுவிட்டது. ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கிறது கேவலாதேவ் பறவைப் பூங்கா. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். சுற்றுக் கிராமத்து எருமைகள் தலைமுறைகளாக அந்தச் சதுப்பில் இறங்கி மேய்ந்தன. தேசியப் பூங்கா ஆனதைத் தொடர்ந்து 1982இல் மேய்ச்சல் முற்றாகத் தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பறவைகளுக்காக மனிதர்கள் சுடப்பட்டார்கள் என்று சுருக்கிச் சொன்னால் மிகையல்ல.

பறவைகளுக்காவது நன்மை விளைந்ததா என்றால் அதுவும் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் அங்கு நீண்டகால ஆய்வு ஒன்றை நடத்தியது. எருமைகள் போனபின் 'பாஸ்பாலம்' என்ற நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்தினங்களுக்கு நீந்தவும் இரைதேடவும் இடம் குறுகியது என்பது அதன் முடிவு. எருமை தின்ற புல்லை இப்போது யாராவது அறுத்தாக வேண்டும். பிற்பாடு அதே கிராமத்தார் புல் அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். மாடு செய்த வேலையை மனிதர்கள் அரிவாளோடு வந்து செய்தார்கள்.

பரத்பூர் சொல்வது 'மாடு எப்போதும் நல்லது' என்பதல்ல. அந்தச் சதுப்பு நாம் நினைத்தது மாதிரி மனிதர் கைபடாத இயற்கையாக இருக்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. எருமைக்காரரின் உழைப்பும் சேர்ந்து உண்டாக்கிய நிலக்காட்சி அது. உழைப்பைக் கழித்துவிட்டு விளைவை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

4

மேய்ச்சல் எப்படி ஒரு நிலத்தை உண்டாக்குகிறது? மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுத்துப் பிடுங்கும். அதனால் தரையோடு ஒட்ட மேயாது; அடிக்கட்டை நிற்கும். நெட்டையான முரட்டுப் புல்லையும் தின்னும். செம்மறி உதட்டால் ஒட்டக் கறிக்கும்; இளந்தளிரும் பூவும் முதலில் போகும். வெள்ளாடு நிமிர்ந்து இலை தழை பார்க்கும். ஆகவே 'கால்நடை மேய்ச்சல்' என்று ஒற்றைச் சொல்லில் அடக்குவதே பிழை. மாடு கடந்துபோன இடத்தில் புல் ஓரிடத்தில் குட்டை, ஓரிடத்தில் குத்து குத்தாக நெட்டை என்று திட்டுத்திட்டாக நிற்கும். குட்டையில் மேய்கிற உயிர் ஒன்று; குத்துக்குள் முட்டை இடுகிற உயிர் இன்னொன்று. சாணியில் வண்டு, வண்டுக்குப் பறவை.

ஏரலிலிருந்து வடமேற்கே, திருநெல்வேலி - தூத்துக்குடி சாலையை ஒட்டி வல்லநாட்டுப் பொத்தை தெரியும். தனித்து நிற்கிற மலைமேடு. 1987இல் அது வெளிமான் சரணாலயம் ஆயிற்று. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். நாட்டில் வெளிமான் இயல்பாக வாழும் தென்கோடி இடம் இதுதான் என்பார்கள். வெளிமான் என்ற பெயரே அதன் சூழலியலைச் சொல்லிவிடுகிறது. வெளியில் வாழும் மான் அது. குட்டைப் புல்லும், தூரத்தில் வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும் திறந்த நிலமும் அதற்கு வேண்டும். புதர் அடைத்த காடு அதற்கு வீடல்ல. மேட்டுநிலம் முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டு வருகிற ஒரு மாவட்டத்தில் வெளிமானுக்கு 'வெளி' எங்கே மிச்சம் என்பதுதான் கேள்வி. வேலி போட்டு மாட்டை நிறுத்துவதால் மட்டும் வெளி உண்டாகாது.

எதிர்வாதங்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சீமைக்கருவேலைப் பரப்பியதில் நம் ஆடுமாடுகளுக்கும் பங்குண்டு. இனிப்பான நெற்றைத் தின்று, விதையைச் சாணியோடு போகிற இடமெல்லாம் விதைத்தது அவைதான். நெற்று பழுக்கிற மாதங்களில் கிடை எங்கே நிற்கிறது என்பது ஆகவே முக்கியமாகிறது. நோயும் உண்டு. 1968இல் முதுமலை - பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் காரணம் வெக்கை நோய்; அது வீட்டுமாட்டுக்கும் காட்டுமாட்டுக்கும் பொதுவான நோய். தடுப்பூசியின் பயனாக அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. வேறு நோய்கள் இருக்கின்றன. சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று அதே வனவிலங்குச் சட்டத்தின் 33அ பிரிவு சொல்கிறது. அளவு மீறி மேய்ந்தால் மண் கட்டாந்தரையாகும் என்பதையும் எந்தக் கிடைக்காரரும் மறுக்கமாட்டார்.

எனவே 'மேய்ச்சல் காட்டை அழிக்கிறதா, காக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை மாடு, எந்த மாதம், எவ்வளவு ஓய்வு என்பதைத் தீர்மானிப்பவர் யார்? தீர்மானிக்கிற உரிமை யாரிடம் இருந்தால் நிலத்துக்கு ஓய்வு கிடைக்கும்? கேட்க வேண்டியது இவைதான்.

5

இதற்குக் கொங்கு மேட்டுநிலத்தில் ஒரு விடை இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் 'கொறங்காடு' என்று ஒரு மேய்ச்சல் நிலமுறை. மழை குறைந்த, உழவுக்கு நம்பமுடியாத மண். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரம். புல் காய்ந்துபோன கோடையில் வெள்வேல் நெற்று தீவனம், அதன் நிழல் மாட்டுக்குக் கூரை. காட்டைத் துண்டுகளாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். மழை விழுந்து புல் விதை கட்டும்வரை மாட்டை இறக்காமல் காத்திருப்பவர் கெட்டிக்காரர். காங்கேயம் மாடும் செம்மறியும் இந்த மண்ணில் வளர்ந்தவை. கண்ணபுரம் தேர்த்திருவிழா மாட்டுச்சந்தையில் அவற்றுக்கு விலை உண்டு. உரம் வாங்க வேண்டாம், தண்ணீர் இறைக்க வேண்டாம், கூலியாள் அதிகம் வேண்டாம். குத்தகைக்கு விட்டாலும் வருமானம். இலாபமான தொழில் என்றுதான் அதை நடத்துகிறார்கள். தொண்டு என்று அல்ல. கூடவே அந்த வேலிக்குள் கௌதாரியும் காடையும் முயலும் மயிலும் பிழைக்கின்றன. யாரும் அவற்றுக்காகத் திட்டமிடவில்லை. நிலத்துக்கு ஓய்வு கொடுத்தபோது அவற்றுக்கும் இடம் கிடைத்தது.

கொறங்காட்டுக்காரர் நிலத்தை ஆறப்போடுவது ஏன்? அவர் பிறவியிலேயே சூழலியலாளர் என்பதாலா? இல்லை. நாளைக்கும் அந்தப் புல் தனக்கே என்பது அவருக்குத் தெரியும். மலையடிவாரத்தில் திருட்டுத்தனமாக மாடு ஏற்றுகிறவருக்கு நாளை என்பது இல்லை. இன்றிரவு கிடைப்பதை மேய்த்து, விடிவதற்குள் இறங்க வேண்டும். உரிமை உள்ள இடத்தில் மேய்ச்சலுக்கு அளவு உண்டு. குற்றமாக்கப்பட்ட இடத்தில் அளவு இல்லை. அளவற்ற மேய்ச்சலைக் காட்டித் தடையை நியாயப்படுத்துகிறவர்கள், அந்த அளவின்மையை உண்டாக்கியதில் தடைக்கும் பங்கிருப்பதைப் பார்ப்பதில்லை.

ஆனால் கொறங்காட்டை அப்படியே முன்மாதிரியாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அது சொத்து. கிளுவை வேலி மாட்டை உள்ளே வைக்கிறது; நிலமற்றவரை, பெரும்பாலும் அருந்ததியரை, வெளியே வைக்கிறது, அல்லது கூலியாக மட்டும் உள்ளே விடுகிறது. ஓய்வு கொடுக்கும் ஞானம் பட்டாவோடு ஒட்டியிருந்தால் பட்டா இல்லாத கிடைக்காரருக்கு என்ன வழி? நிலம் இல்லாதவர்களின் நிலமாக ஊர்தோறும் ஒன்று இருந்தது. வருவாய்த்துறைக் கணக்கில் அதன் பெயர் 'மேய்க்கால் புறம்போக்கு.' புறம்போக்கு என்ற சொல் எப்படி ஒரு வசைச்சொல்லாக மாறியது என்பதை யோசித்தால், அந்த நிலம் எப்படிக் காணாமல் போனது என்பதும் புரியும். வரி வராத நிலம் பயனற்ற நிலம். பயனற்ற நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2011இல் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. நம் ஊர்களில் அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு மேய்க்காலைக் கேட்டுப் போனவர்கள் எத்தனை பேர்?

6

உலகின் மறுபக்கத்தில் இதே உழைப்புக்கு வேறு மதிப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியின் சுண்ணாம்புக்கல் மேடுகளில் மாடுகள் குறைந்து செம்மறி மட்டும் நிறைந்தபோது பூச்செடிகள் அருகின. காரணத்தை மேலே பார்த்தோம்: செம்மறி ஒட்டக் கறிப்பது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, குளிரும் முரட்டுப் புல்லும் தாங்குகிற பழைய மாட்டினங்களை அங்கே மீண்டும் மேயவிட்டார்கள். மாடு வாங்கவும் வேலி போடவும் விவசாயிக்குப் பொதுப்பணம். இயற்கைப் பாதுகாப்பு மேய்ச்சல் என்று அதற்குப் பெயர். அங்கே சேவை எனப்படுவது இங்கே குற்றம் எனப்படுகிறது. வேலை ஒன்றுதான். செய்கிறவர் நிலவுடைமையாளரா, நாடோடியா என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

அந்தப் பணத்தை இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. மானியம் வந்தால் மானியத்தை வாங்கத் தெரிந்தவர் கைக்கே அது போகும் என்பது நாம் அறிந்ததுதான். முதலில் வேண்டியது உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ), மேய்ச்சலையும் இடம்பெயரும் மேய்ப்பர்களின் பருவகால உரிமையையும் வன உரிமை என்றே சொல்கிறது. சரணாலயங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் கிராமசபை வழியே கோரிக்கை வைக்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் வேறு வேறு ஊர் வயலில் படுக்கிறவர் எந்தக் கிராமசபையில் எழுந்து நிற்பார்? இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது: தடம், பருவம், மாட்டு எண்ணிக்கை, தண்ணீர்த்துறை ஆகியவற்றைக் கிடைக்காரர்கள் சொல்லக் கேட்டு எழுதி ஆவணமாக்குவது, எந்த மாதம் எந்தச் சரிவை ஆறப்போட வேண்டும் என்பதையும் அவர்கள் வாயாலேயே எழுதி வாங்குவது. ஒழுங்குபடுத்தல் என்ற சொல்லுக்கு உள்ளடக்கம் அங்கிருந்துதான் வரமுடியும்.

7

ஏரலுக்குத் திரும்புகிறேன். நெல்வயல்களில் பெரும்பங்கு இன்று வாழை. வாழை வருடம் முழுவதும் நிலத்தில் நிற்கும். தாள் இல்லை, தரிசு இல்லை, கிடைக்கு இடம் இல்லை. கீழே வாழையும் உர மூட்டையும், மேலே தடையும் முள்ளும். இடையில் சாலையோரம் போகிறது கிடை, லாரிகளுக்கு ஒதுங்கி.

இரண்டு வருடத்துக்கு முன் பங்குனியில் எங்கள் பக்கத்து வயலுக்கு ஒரு சிறு கிடை வந்தது. நூறு மாடுகூட இருக்காது. கூட வந்தவர் பழைய பெரியவரின் உறவுக்காரர், ஐம்பது வயதிருக்கும். "மத்த மாடெல்லாம் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வித்தாச்சு தம்பி. மேல ஏறுனா கேஸுங்காவ. கீழ எறங்குனா வாழைங்காவ. மாட்ட என்ன மடியிலயா கட்டிக்கிட்டுத் திரிய முடியும்?"

"பொத்தப் பக்கம் போறதில்லையா?"

"முன்ன போவோம். நாங்க மாடு பத்துன எடத்துலதான் மானும் நிக்கும். மாடு மேஞ்ச புல்லு குட்டையா தளுத்து வரும் பாத்தியளா, அதுக்கு வரும். இப்ப அங்கன முள்ளுதான் நிக்கி."

அவர் சொன்னதை அறிவியல் ஆதாரமாக நான் முன்வைக்கவில்லை. வல்லநாட்டில் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். இரண்டு துண்டு நிலம், ஒன்றில் முள் வெட்டி அளவோடு மாடு, மற்றதில் இல்லை. சில வருடங்கள் மான் எங்கே மேய்கிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். செலவு பெரிதில்லை. கிடைக்காரரை அழைத்து, எத்தனை மாடு எந்த மாதம் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் அவரிடம் மாடு இருக்க வேண்டும்.

மறுநாள் காலை அந்த வயலைப் போய்ப் பார்த்தேன். மாடு படுத்த தடம் வட்டவட்டமாக இருந்தது. சாணி இன்னும் காயவில்லை. நாலைந்து உண்ணிக்கொக்குகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன. வயல்காரர் கிடைக்கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பேரம் பேசவில்லையாம். அடுத்த வருடம் வருவார்களோ மாட்டார்களோ என்றார்.